அவையடக்கமும் மின்னஞ்சலும்

முதியவர்களுக்குக் கணனி எதற்கு என்று கேட்போர் எம்மிடையே இன்னும் உளர். கேட்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். அவர்களுட் பலர் எம்மைப் போல ஆசிரியத் தொழில் பார்ப்பவர்கள் என்பதையும் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. "போகிற காலத்தில் இதென்ன புது வேலை?" என்று அவர்கள் சிரிக்கிறார்கள். கடிதம் என்ற ஒன்றுக்காக யாழ்ப்பாணத்து முதியவர்கள் எத்தனை ஆண்டுகள் காத்துக் கிடந்தார்கள் என்பது அந்தச் சிரிப்பில் மறைந்துவிடுகிறது. அக்காத்திருப்பின் கதையைச் சொல்லாமல், அவர்கள் இன்று விசைப்பலகையின் முன் வந்து அமர்வதன் பொருளை விளக்க முடியாது. ஆதலின் கதையைச் சற்றுப் பின்னிருந்து தொடங்குகிறோம்.

கொடிகாமம் ஒரு சந்தி. கண்டி வீதி ஊரை ஊடறுத்துச் செல்கிறது. வடக்கே பருத்தித்துறைக்கும் தெற்கே கச்சாய்க்கும் வீதிகள் பிரிகின்றன. வடபகுதிப் புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டிற் கொழும்புடன் இணைந்த காலந்தொட்டு, தென்மராட்சியின் மாங்காயும் பலாப்பழமும் தேங்காயும் கோச்சியேறித் தெற்கே போயின. அதே கோச்சியிற் கடிதங்களும் காசுக்கட்டளைகளும் வடக்கே வந்தன. யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத்தைக் 'காசுக்கட்டளைப் பொருளாதாரம்' என்று அறிஞர்கள் வழங்குவது வெறும் சொல்லலங்காரமன்று. இம்மண்ணின் கல்வீடுகள் பலவற்றின் அத்திவாரத்தில் தபாற் கந்தோர் முத்திரை குத்திய தாள்கள் கிடக்கின்றன.

முதலில் வந்தவை மலாயாக் கடிதங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைக்கூறிலிருந்தே எம்மவர் ஆங்கிலக் கல்வியைக் கைமுதலாகக் கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறினர். அங்கே புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் எழுதுவினைஞராய் உழைத்தனர், முதுமையில் ஊர் திரும்பி 'மலாயாப் பென்சனியர்' ஆயினர். விறாந்தையிற் சாய்மனைக் கதிரை போட்டுப் பத்திரிகை வாசித்த அந்தப் பென்சனியர்தாம் ஊரின் கடிதக்காரரும் ஆவர். 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தபோது அக்கடிதங்களும் காசுக்கட்டளைகளும் ஒரே வீச்சில் நின்றன. மூன்றரை ஆண்டுக்காலம் மகன் உயிரோடிருக்கிறானா என்று அறியாத தாய்மார் இங்கு வாழ்ந்தனர். கடிதம் அறுந்துபோவது என்றால் என்ன என்பதை யாழ்ப்பாணம் அன்றுதான் முதன்முதல் உணர்ந்தது எனலாம்.

அந்த மலாயா உறவு எமக்கு வேறொன்றையும் தந்தது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கிய ஆர். முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரிற் தொழில் பார்த்தவர். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் ஒரு கைப்பிடி விசைகளுக்குள் அடக்க அவர் வகுத்த வழி, பின்வந்தோர் கைகளிற் திருந்தித் திருந்திக் கந்தோர்கள் எங்கும் பரவியது. கணனி வந்தபோது ஈழத்திற் பரவிய 'பாமினி' எழுத்துருவும் தட்டச்சுப் பழக்கத்தை ஒட்டியே நடந்தது. கச்சேரியில் முப்பதாண்டு தட்டச்சுப் பொறியைத் தட்டிய கை, கணனியின் முன் முற்றிலும் அந்நியமான கையன்று என்பதற்காகவே இதை இங்குக் குறிப்பிடுகிறோம்.

ஆனால் எல்லாக் கைகளும் கச்சேரிக் கைகளல்ல. இங்கேதான் எம்முடைய வரலாற்றாசிரியர் பலர் நைசாக நழுவிவிடுகின்றனர்.

பென்சனியரின் விறாந்தை எல்லோருக்கும் உரியதன்று. கடிதம் எழுதுவிக்க வந்த உழைப்பாளி முற்றத்தில் நின்றான், சிலர் படலைக்கு வெளியே நின்றனர். அவனுடைய மனைவியின் நோயும் மகளின் கலியாணமும் கடனும் உரத்த குரலிற் சொல்லப்பட்டுப் பிறர் கையால் எழுதப்பட்டன. வந்த கடிதமும் பிறர் வாயால் வாசிக்கப்பட்டது. இரகசியம் என்பது எழுத்தறிந்தவனுக்கு மட்டும் இருந்த சொத்து. எழுத்தை யார் மறுத்தார்கள்? 1930ஆம் ஆண்டளவில் உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமஆசனத்தில் அமரவேண்டும் என்ற விதி வந்தபோது, அதனைப் பொறாத உயர்சாதியினர் பாடசாலைக் கொட்டில்களுக்குத் தீ வைத்தனர். ஒரு வாங்கில் அருகருகே இருப்பதைக் காட்டிலும் பள்ளியே எரிந்து போவது மேல் என்று எண்ணிய சமுதாயம் எமது சமுதாயம். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1957இற் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் தேநீர்க் கடையிற் தனிப் பேணி போகவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலமும், பொலிசாரின் தடியடியும், அதன்பின் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் நடந்த போராட்டங்களும் இம்மண்ணின் கூட்டு வாழ்வை அசைத்தன. அன்று பதினாறு வயதாயிருந்தவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. எமது கதையில் அவர் மீண்டும் வருவார்.

தமிழிற் கடிதம் எழுதுவதற்கு மரபு உண்டு, மரியாதையும் உண்டு. திருக்குறளில் 'அவையறிதல்', 'அவையஞ்சாமை' என இரண்டு அதிகாரங்கள் அமைந்தன. காப்பியம் பாடியவன் அவையடக்கம் கூறியே தொடங்கினான். இவற்றைப் பல்கலைக்கழகத்திற் பயின்றபோது நாம் மெய்சிலிர்த்தோம். அந்த அவையில் யார் யார் இருந்தனர் என்று கேட்க எமக்கு அப்போது தோன்றவில்லை. யாழ்ப்பாணத் தமிழில் முன்னிலைக்கு மூன்று படிகள் உண்டு: நீ, நீர், நீங்கள். மூன்றுக்கும் உரியவர் யார் என்பதை வயது மட்டும் தீர்மானித்திருந்தால் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்து வயதுப் பையன் அறுபது வயதுத் தொழிலாளியை 'நீ' என்றான், அறுபது வயதுத் தொழிலாளி அப்பையனைத் 'தம்பி' என்று பணிந்தான். மரியாதை இங்குப் பண்பாக மட்டும் இருக்கவில்லை, வேலியாகவும் இருந்தது. மனுக்களின் அடியில் 'தங்கள் தாழ்மையுள்ள ஊழியன்' என்று ஒப்பமிட்ட மொழியிலும் இவ்வேலியின் நிழல் உண்டு.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம்.

1983க்குப் பின் மக்கள் பெருந்தொகையாகக் கடல் கடந்தனர். கனடா, நோர்வே, சுவிற்சர்லாந்து, பிரான்சு, இங்கிலாந்து என்று பிள்ளைகள் சிதறினர். முதியவர்கள் காவலிருந்தனர். 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது, புகையிரதம் நின்றது, தொலைபேசி நின்றது. எரிபொருளும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு உயிர் கொடுத்துச் செய்தி கேட்டனர் எம் பெற்றோர். ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரி ஏற்றிப் பிள்ளைகள் படித்தனர். கடிதம் பல வாரம், சில வேளை பல மாதம் கழித்து வந்தது. தடுப்பில் இருந்தோர்க்கும் குடும்பத்தார்க்குமிடையே செஞ்சிலுவைச் சங்கத்தின் திறந்த கடிதம் சென்றது. ஒரு தாள், குடும்பச் செய்தி மட்டும், அரசியல் கூடாது, எவரும் படிக்கலாம் என்று தெரிந்தே எழுதவேண்டும். சொல்லை அளந்து எழுதும் கலையை எம் முதியவர்கள் அந்தத் தாளிற் கற்றனர்.

இதே 1990களின் தொடக்கத்திற் கொழும்பில் என்ன நடந்தது? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அபய இந்துருவவும் அவர்தம் தோழர்களும் பல்கலைக்கழகங்களைத் தொலைபேசிக் கம்பிகளால் இணைத்து மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கியிருந்தனர். வெளிநாடுகளில் வாழ்ந்த இலங்கைக் கல்விமான்கள் 1991இல் மின்னஞ்சல் வழியே ஒரு வலையமைப்பைக் கண்டனர். அவர்கள் செய்தது நற்பணியே. நாம் சுட்டுவது வேறு. ஒரே தீவின் ஒரு முனையிற் கடிதம் நொடியிற் பறக்கக் கற்றுக்கொண்ட ஆண்டுகளில் மறு முனையில் அது நடக்கவும் மாட்டாமற் கிடந்தது.

1995ஆம் ஆண்டை நாம் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டில் இலங்கையில் இணையச் சேவை வர்த்தக அளவில் விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில், அமெரிக்காவில் இன்ரெல் கம்பனியைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் என்ற பெண்மணி தொகுத்த ஓர் ஆவணம், இணையப் பொறியியலாளர்களின் குழுவினால் 1855ஆம் இலக்கமிட்டு வெளியிடப்பட்டது. மின்னஞ்சலிலும் அஞ்சற் குழுக்களிலும் ஒழுகவேண்டிய முறைகள் அதிற் கூறப்பட்டன. அதே ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர், மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தனர். கையில் அகப்பட்டதைச் சுமந்து, கிழவரையும் கிழவியரையும் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு, அடி அடியாக நகர்ந்து தென்மராட்சிக்கு வந்தனர். சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் எங்கும் பாடசாலைகளும் கோயில்களும் மரநிழல்களும் நிரம்பின. எம் ஊர்ச் சந்தியில் அன்று ஒருவரையொருவர் தேடி நின்றவர்களுக்கு அஞ்சற் குழு இல்லை. மரத்திலும் மதிலிலும் கரியால் எழுதி வைத்துப் போனார்கள்: இன்னார் குடும்பம் இன்ன இடத்தில் இருக்கிறது என்று. ஒக்டோபர் மாதத்து இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் காரணகாரியத் தொடர்பு ஒன்றுமில்லை. எனினும் ஒரு காலத்தின் வரலாற்றை எழுதுபவன் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதக் கடமைப்பட்டவன்.

அவ்வாவணத்தில் இருந்தவை யாவை? மின்னஞ்சல் தோன்றி ஏறக்குறையக் கால் நூற்றாண்டின் பின் அது எழுதப்பட்டது. 1971இல் ரே ரொம்லின்சன் என்ற பொறியியலாளர் ஒரு கணனியிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பினார். 1975இல் முதற் பெரும் அஞ்சற் கலந்துரையாடற் குழு அமெரிக்க ஆராய்ச்சியாளரிடையே எழுந்தது. 1986இற் பாரிசில் எரிக் தோமா என்ற மாணவர், ஒருவர் எழுதுவதைக் குழுவில் உள்ள அனைவருக்கும் தானாகவே அனுப்பும் மென்பொருளை ஆக்கினார். அதே 1986இற் சான்பிரான்சிஸ்கோவில் மேரி பேர்லோங் என்ற பேராசிரியை, முதியவர்களுக்குக் கணனியாற் பயனுண்டா என்று ஆராயத் தொடங்கி, 'சீனியர்நெற்' என்ற முதியோர் கணனி அமைப்பை உண்டாக்கினார். அதுவரை இணையத்தில் இருந்தவர்கள் அதனோடு கூடவே வளர்ந்தவர்கள். இப்போது வெளியிலிருந்து பலர் வருகிறார்கள், அவர்களுக்கு முறை சொல்லவேண்டும் என்பதே ஹாம்பிரிட்ஜ் அம்மையாரின் ஆவணம் பிறந்த நோக்கம்.

அதன் விதிகளைப் படித்தபோது எமக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே எழுந்தன. குழுவிற் சேர்ந்தவுடன் எழுதாதே, ஓரிரு மாதம் மற்றவர் எழுதுவதைப் படித்து அவையின் இயல்பை அறிந்துகொள் என்கிறது. கோபத்தில் எழுதிய மறுமொழியை ஓரிரவு வைத்திருந்து பின் அனுப்பு என்கிறது. ஒருவருக்கு உரியதை எல்லோருக்கும் அனுப்பாதே, பொருளுக்கு ஏற்ற தலைப்பிடு, முன்னவர் எழுதியது முழுவதையும் திருப்பி ஒட்டாமல் வேண்டிய பகுதியை மட்டும் காட்டு, ஒப்பம் நான்கு வரிக்கு மேற் போகாதிருக்கட்டும் என்கிறது. அவையறிதலைப் பாடமாகப் படித்த தமிழனுக்கு இவற்றிற் புதுமை அதிகம் இல்லை. புதுமை வேறிடத்தில் இருந்தது. இவ்விதிகள் பேராசிரியனுக்கும் மாணவனுக்கும், கம்பனித் தலைவனுக்கும் கடைநிலை ஊழியனுக்கும் ஒன்றே. மூத்தவனுக்கு ஒன்று, இளையவனுக்கு ஒன்று என்று அதில் இல்லை. எமது அவையடக்கத்தில் இல்லாதிருந்த பொருள் இது.

எல்லா விதியும் எமக்குப் பொருந்தவில்லை என்பதும் உண்மை. ஆங்கிலத்தைப் பெரிய எழுத்தில் எழுதினால் அது கத்துவதற்குச் சமம் என்பது அவ்வாவணத்தின் புகழ்பெற்ற விதி. தமிழிற் பெரிய எழுத்தே இல்லை! அதுமட்டுமன்று. தமிழ் எழுத்துருக்கள் பரவாத தொடக்க ஆண்டுகளில் எம்மவர் உரோம எழுத்திற் தமிழை எழுதினர். அப்போது ணகரத்தையும் ளகரத்தையும் னகர லகரங்களினின்று பிரித்துக் காட்டப் பெரிய எழுத்தையே கையாண்டனர். 'கண்ணன் வள்ளி' என்று எழுதியவர் நடுவிற் கத்துவதாக ஒரு வெள்ளைக்காரர் எண்ணியிருப்பின் குற்றம் யாருடையது? நீர் என்ற சொல்லின் கதையும் இத்தகையதே. யாழ்ப்பாணத்திற் சமவயதினரும் கணவன் மனைவியரும் அன்போடு வழங்கும் 'நீர்' தமிழகத்தவர் காதுக்கு முறைப்பாகவோ நாடக வசனமாகவோ ஒலிக்கும். முகம் காணாத அவையில் இத்தகைய சிறு சொற்களாற் பெரும் மனத்தாங்கல்கள் பிறப்பது இயல்பே.

தமிழர் அவை ஒன்று உண்மையிலேயே அப்போது கூடியிருந்தது. 1990களின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த மலேசியத் தமிழர் பாலா பிள்ளை 'தமிழ்.நெற்' என்னும் அஞ்சற் குழுவை நடத்தினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய 'முரசு அஞ்சல்' மென்பொருளும், சுவிற்சர்லாந்தில் இரசாயன ஆராய்ச்சி செய்த கு. கல்யாணசுந்தரம் ஆக்கிய 'மயிலை' எழுத்துருவும் தமிழிலேயே மடல் எழுத வகை செய்தன. ஆளுக்கொரு எழுத்துரு, ஒருவர் அனுப்பியது மற்றவர் திரையில் உடைந்த ஓட்டுத் துண்டுகளாய்த் தெரியும். அதைத் தீர்க்கப் பொதுக் குறியேடு ஒன்று வேண்டுமென்று பல நாட்டினர் மின்னஞ்சலிலேயே வாதாடிக் குறியேட்டையும் ஆக்கினர். 1998 தைப்பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் காணாத தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து, பிழைதிருத்தி, எவருக்கும் இலவசமாகக் கிடைக்க வைத்தனர். திருக்குறள் முதல் இலக்கம் பெற்றது. இத்தொண்டருள் இளைப்பாறியோர் பலர். நேரமும், நூலறிவும், பிழை பொறுக்காத கண்ணும் அவர்களிடமே இருந்தன.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தைத் தீயிட்டுத் தொண்ணூற்றேழாயிரம் நூல்களை அழித்தவர்களுக்கு இதைவிடத் தக்க மறுமொழி எது? 2005இல் ஈழத்து இளைஞர்கள் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகமும் அவ்வழியிலேயே வந்தது. அதனிடம் பழஞ் சஞ்சிகைகளையும் சிறு பிரசுரங்களையும் எடுத்துக் கொடுத்தவர்கள், இடப்பெயர்வு தோறும் உமலிற் கட்டிக் காத்துத் திரிந்த முதியவர்கள். பின்னர் யாகூ நிறுவனம் தன் குழுக்களை 2020இல் மூடியபோது தமிழர் இருபதாண்டு பேசிய பல அவைகள் திரைவிட்டு மறைந்தன. தனியார் கம்பனியின் திண்ணையில் அவை கூட்டுவதில் உள்ள ஆபத்து இது. திண்ணைக்குச் சொந்தக்காரன் கதவைச் சாத்துவான். எமக்கு அது பழைய அனுபவம்.

எம் ஊருக்கு இவை எல்லாம் நெடுங்காலம் எட்டவில்லை. 1996 ஏப்பிரலில் தென்மராட்சி இராணுவத்தின் கைக்கு மாறியது. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் இப்பகுதி மக்கள் மறுபடியும் சிதறினர், சாவகச்சேரி நகரம் தரைமட்டமாயிற்று. 2002 ஏப்பிரலிற் கண்டி வீதி திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, யுத்தம் முடிந்த 2009இல் மெல்லத் திறந்தது. கோச்சி கொடிகாமத்தைக் கடந்து யாழ்ப்பாணத்தை எட்ட 2014 ஒக்டோபராயிற்று. இருபத்துநான்கு ஆண்டு! இடையில் அரசாங்கம் உலக வங்கியின் துணையுடன் 'நெணசல' எனவும் தமிழில் 'அறிவகம்' எனவும் கணனி நிலையங்களை நாடெங்கும் திறந்தது. வருவோர் எல்லோரும் இளைஞர். கொத்மலையிற் சமூக வானொலிக்காரர் 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையோடு செய்த முயற்சியே எமக்கு அதிகம் பிடித்தது. கேட்போர் தபாலில் வினா அனுப்புவர், அறிவிப்பாளர் இணையத்தில் தேடி வானொலியில் விடை சொல்வார். எழுத்தறியாக் கிழவியும் அங்கு இணையத்தைக் கேட்டாள்.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாம் சிலர் சேர்ந்து கொடிகாமத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் முதியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தினோம். பழைய கணனிகள் நான்கு, வாங்குகள் இரண்டு. நாடு கடனில் மூழ்கிய ஆண்டு அது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை சென்றது. நாம் சலித்துக்கொண்டோம். அவர்கள் சலிக்கவில்லை. "ஆறு வருசம் கறன்ற் இல்லாமல் இருந்தனாங்கள் தம்பி, ஆறு மணித்தியாலம் இருக்க மாட்டமே?" என்றார் ஒருவர். மின்சாரமில்லாத வேளையில் அட்டையில் விசைப்பலகை வரைந்து பழகினர்.

மௌசைப் பிடிப்பதே முதலிற் பெரும்பாடு. நடுங்கும் விரலும், மங்கிய கண்ணும், 'பிழையாய் அமத்தினால் உடைஞ்சு போகுமோ' என்ற அச்சமும் அவர்களை வாட்டின. அச்சத்துக்குக் காரணம் முதுமையன்று. பிறர் பொருளைத் தொட்டு வசை கேட்டே வளர்ந்த வாழ்க்கை. தம் வீட்டிற் தொலைபேசித் திரையைத் தட்டிப் பேரப்பிள்ளையின் முகம் பார்க்கத் தெரிந்தவர்களே பலர். ஆயின் பார்ப்பது வேறு, எழுதி அவையில் வைப்பது வேறு. ஆகையால் அஞ்சற் குழுவொன்றை எங்களுக்குள் அமைத்தோம். பன்னிருவர் சேர்ந்தனர்.

ஒழுங்குமுறைகளை நாம் பாடமாகச் சொல்லத் தொடங்கியபோது அவர்கள் எம்மை முந்திக்கொண்டனர். தலைப்பு ஏன் உள்ளடக்கத்தோடு பொருந்த வேண்டும் என்று விளக்க நாம் வாயெடுத்தோம். சந்தையில் நாற்பதாண்டு மாங்காய் விற்ற ஓர் அம்மா சொன்னார்: "கூடைக்கு மேல வைச்ச சாமான்தானே அடியிலயும் இருக்கோணும். இல்லாட்டி அடுத்த கிழமை ஆர் வருவினம்?" முன்னவர் கடிதத்தை முழுதும் திருப்பி ஒட்டுவது பற்றிச் சொன்னபோது, செஞ்சிலுவைத் தாளில் மகனுக்கு எழுதிய ஒருவர், "ஒரு தாளுக்குள்ள எழுதிப் பழகினவனுக்கு இது சொல்லித்தரத் தேவையில்லை" என்றார். ஓரிரவு பொறுத்து மறுமொழி எழுதுக என்ற விதி மட்டும் அவர்களுக்கு விளங்கவில்லை. பல மாதம் பொறுத்தே மறுமொழி கண்ட தலைமுறை அது. பொறுக்காமலும் எழுதலாம் என்பதே அவர்களுக்குப் புதிது!

அவர்களுள் இளைப்பாறிய எழுதுவினைஞர் ஒருவர் இருந்தார். பத்து விரலாலும் தட்டக் கூடியவர், மொழி நடை பழுதற்றது. மற்றொருவர் இளமையிற் சீவல் தொழில் செய்து, பின்னர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர். 1966இற் பதினாறு வயது இளைஞனாக இருந்தவர் அவரே. ஒரு விரலாற் தேடித் தேடி எழுதுவார். இருவரும் ஒரே ஊரினர், ஐம்பதாண்டு அறிமுகம், ஒரே வாங்கில் அமர்ந்தது அவ்வகுப்பிலேயே.

குழுவிற் தேங்காய் விலை பற்றிய பேச்சு நடந்தது. சங்கத்தின் கொள்வனவு விலையைப் பற்றிச் சீவல் தொழிலாளியார் இரண்டு வரி எழுதினார். எழுதுவினைஞர் அதற்கு நீண்ட மறுமொழி எழுதினார். மற்றப் பத்துப் பேரையும் 'ஐயா', 'அம்மா', 'திரு' என்று உரிய முறையில் விளித்தவர், இவரை மட்டும் வெறும் பெயராற் சுட்டி, 'உனக்குக் கணக்கு விளங்காது' என்று எழுதினார். தீய எண்ணத்தோடு எழுதினார் என்று நாம் கருதவில்லை. ஐம்பதாண்டு வாயிற் பேசிய வழக்கம் விரலில் வந்துவிட்டது. ஆனால் வாயிற் சொன்னது காற்றோடு போகும். இது பன்னிருவர் பெட்டியிலும் அச்செழுத்துப்போற் கிடந்தது. ரொறன்ரோவிலிருந்து குழுவிற் சேர்ந்திருந்த அவருடைய பேத்தியும் அதைப் படித்தாள்.

நாம் தலையிடுவதா என்று தடுமாறினோம். குழுவை நடத்துபவன் அக்கடிதத்தை நீக்கலாம். நீக்கினால் நிகழ்ந்தது நிகழாததாகிவிடுமா? அன்றிரவு எமக்கு உறக்கமில்லை. மறுநாட் காலை மறுமொழி வந்திருந்தது. ஒரு விரலால் எழுதிய நான்கு வரி. 'மதிப்புக்குரிய ஐயா அவர்கட்கு' என்று தொடங்கி, சங்கம் அந்த மாதம் கொடுத்த விலையையும் எண்ணிக்கையையும் கூட்டுத்தொகையையும் வரிசையாக எழுதி, 'கணக்கிற் பிழை இருப்பின் தாங்கள் காட்டித் தரவும்' என்று முடித்திருந்தார். ஒப்பத்தில் முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. கணக்கிற் பிழை இருக்கவில்லை.

எழுதுவினைஞர் இரண்டு கிழமை வகுப்புக்கு வரவில்லை. முழங்கால் நோ என்று சொல்லி அனுப்பினார். மூன்றாங் கிழமை குழுவுக்கு அவருடைய கடிதம் ஒன்று வந்தது. தலைப்பு 'தேங்காய் விலை' என்று சரியாக இருந்தது. கூட்டுத்தொகையைத் தாம் மறுபடி பார்த்ததாகவும், சங்கத்தின் கணக்கே சரியென்றும் எழுதியிருந்தார். விளி மட்டும் 'அனைவருக்கும்' என்றிருந்தது. பெயர் சொல்லவும் இல்லை, 'ஐயா' போடவும் இல்லை. அதைப் படித்துவிட்டு மற்றவர் எம்மிடம் கேட்டதெல்லாம், இதற்கு மறுமொழி எழுதினால் அவருக்கு மட்டும் போகுமா, எல்லோருக்கும் போகுமா என்பதே. எல்லோருக்கும் போகும் என்றோம். "அப்ப எல்லாருக்கும் போகட்டும்" என்று விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். முதலெழுத்தைத் தேடி எடுக்குமுன்பே அன்றைய மின்வெட்டு வந்துவிட்டது.